அக்கரைக்குப் போகும் மாணவரின் அமானிதம்

 

பன்னாட்டு உறவுகள் என்ற துறையில் மேல்படிப்பு படிக்கும் பிள்ளைகளுக்குக் களப்பணி என்று ஒன்று உண்டு. எந்த நாட்டின் விவகாரத்தை ஆராய்கிறார்களோ, அந்த நாட்டுக்கே போய்ச் சில வாரமோ சில மாதமோ தங்கி, அந்த மக்களிடம் கேட்டு எழுத வேண்டும். நம் கரையோரத்துப் பிள்ளை ஒருவருக்கு மன்னாரில் அப்படி ஒரு வாய்ப்பு வந்தால், என்ன தலைப்பு எடுப்பார் என்று உங்களுக்கே தெரியும். பாக் நீரிணை மீன்பிடிப் பிரச்சினைதான்.

உடனே வீட்டில் கேட்பார்கள்: "நம்ம ஆளுகளைப் பிடிச்சு வச்சிருக்கான். நம்ம பிள்ளை போயி அவன் பக்கத்து நியாயத்தை எழுதணுமா?"

கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. 2021-ல் மட்டும் ஜனவரியில் ஒருமுறை, அக்டோபரில் ஒருமுறை, நம் கோட்டைப்பட்டினத்திலிருந்து போன படகுகள் இலங்கைக் கடற்படைக் கப்பலோடு மோதி மூழ்கின. ஐந்து உயிர்கள் போயின. அந்தத் துக்கம் இருக்கும் ஊரில் நின்றுகொண்டுதான் இதைப் பேசுகிறேன்.

ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் பயணத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு ஹதீஸ் அவர்களுக்கு ஏற்கெனவே எட்டியிருந்தது. ஆனாலும் நாயகத்திடம் அதை நேரில் கேட்டவரின் வாயால் கேட்க வேண்டும் என்று ஓர் ஒட்டகத்தை வாங்கி, ஒரு மாதம் பயணம் செய்து, ஷாம் நாட்டில் இருந்த அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரலி) அவர்களின் வாசலில் போய் நின்றார்கள். அந்த ஹதீஸ் எதைப் பற்றியது தெரியுமா? மறுமையில் சொர்க்கவாசி கூட, தான் பிறருக்குச் செய்த அநீதிக்குக் கணக்குத் தீர்க்காமல் உள்ளே நுழைய முடியாது என்பதைப் பற்றியது. அடியார்களின் உரிமை பற்றிய ஒரு செய்திக்காக ஒரு மாத வழிப்பயணம்! நமக்கு மன்னார் ஒரு மாத வழியா?

அங்கே போனால் அந்தப் பிள்ளை என்ன கேட்பார்? போர்க்காலத்தில், 2009 வரை, வடக்கு மீனவர்கள் பல ஆண்டுகள் கடலுக்கே சரியாகப் போக முடியவில்லை என்று கேட்பார். 1990 அக்டோபரில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்த முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டதையும், திரும்பி வந்து மறுபடி வலை வாங்கிய குடும்பங்களின் பாட்டையும் கேட்பார். நம் விசைப்படகுகளின் இழுவைமடி அவர்களுடைய வலைகளை அறுத்துப் போடுவதையும் கேட்பார். இழுவைமடியை இலங்கை 2017-ல் சட்டம் போட்டே தடை செய்தது. காதுக்கு இனிக்காத செய்திதான். ஆனால் சூரா அன்னிஸாவின் 135-வது வசனம், நமக்கே பாதகமானாலும், பெற்றோருக்கும் உறவினருக்கும் பாதகமானாலும், நீதிக்குச் சாட்சியாக நிற்கச் சொல்கிறது. அதற்காக நம்மவர் உயிர் மலிவாகிவிடாது. அதையும் அந்தப் பிள்ளை அங்கே சொல்ல வேண்டும்.

இதில் இன்னொரு ஆபத்து உண்டு. அதைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. சூரா அல்ஹுஜுராத்தின் 12-வது வசனம் துருவி ஆராய்வதைத் தடுக்கிறது. அடுத்த வசனமே, சமூகங்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவே படைக்கப்பட்டன என்கிறது. உளவுக்கும் அறிமுகத்துக்கும் நடுவே ஒரே ஒரு வசனத்தின் இடைவெளி!

டச்சு அறிஞர் ஸ்நூக் ஹுர்குரோன்யே 1885-ல் அப்துல் கஃப்பார் என்ற பெயரில் மக்காவில் தங்கினார். உலமாக்களோடு உட்கார்ந்து பழகினார், அருமையான நூலும் எழுதினார். அவர் உள்ளத்தை அல்லாஹ்தான் அறிவான். ஆனால் பின்னாளில் ஆச்சே முஸ்லிம்கள் மீது டச்சு அரசு நடத்திய போருக்கு அவரே ஆலோசகர் ஆனார். நம்பிக்கையில் திரட்டிய அறிவு, நம்பிய சமூகத்தின் மீதே திரும்பியது.

ஆகவே போகிற பிள்ளைகளே! நான் இன்னார், இன்ன ஊர், இதற்காகக் கேட்கிறேன் என்று முதலிலேயே சொல்லுங்கள். கோட்டைப்பட்டினம் என்றதும் ஒருவர் கதவைச் சாத்தினால், சாத்துவது அவர் உரிமை. பல்கலைக்கழகம் கொடுத்த ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்காதீர்கள். எந்த இரவில் எந்த இடத்தில் வலை விடுகிறேன் என்று ஒருவர் உங்களை நம்பிச் சொல்வார். அது இங்கே ஒரு வாட்ஸ்அப் குழுவில் ஏறினால், அறிந்துகொள்ளப் போன பயணம் அமானித மோசடியாகிவிடும்.

பெற்றோர்களே, ஜமாஅத்தின் வசதியுள்ளவர்களே! சிறுபான்மை ஆராய்ச்சி மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022-ல் நிறுத்தப்பட்டது. வெளிநாட்டுப் படிப்புக் கடனுக்கான வட்டி மானியமும் நின்றுபோனது. ஒரு வலீமா விருந்தின் செலவில் ஒரு பிள்ளையின் சில மாதக் களப்பணி முடிந்துவிடும் என்பது என் கணக்கு. கொடுக்கும்போது, "நமக்குச் சாதகமாக எழுது" என்ற நிபந்தனை மட்டும் வேண்டாம்.

திரும்பி வந்த பிள்ளை ஆய்வேட்டை ஆங்கிலத்தில் சமர்ப்பிக்கட்டும். அதற்குப் பிறகு, சொன்னவர்களின் பெயரை மறைத்து, கேட்டதை நம் படகுத்துறையில் தமிழில் சொல்லட்டும். மன்னாரில் பேசியவர்களும் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள்தான். அவர்களுக்கும் ஒரு பிரதி போகட்டும்.