மலை போட்ட பிச்சை

ஜோலார்பேட்டை பக்கம் ஏலகிரி போயிருப்பீர்கள். 14 கொண்டை ஊசி வளைவுகள். சைக்கிளில் மிதித்து ஏறினால் அந்த வியர்வை உங்களுடையது. இறங்கும்போது வருகிற வேகம்? அது மலை போட்ட பிச்சை சார்! அப்புறம் இறக்கப் பந்தயத்தில் ஜெயித்தவருக்கு எதற்குக் கைதட்டல்?

1976-ல் கலிஃபோர்னியாவில் ஒரு மலைப்பாதையில் அப்படியொரு பந்தயம் ஆரம்பித்தது. பெயர் 'ரீபேக்'. இறங்கி முடிப்பதற்குள் பிரேக்கிலுள்ள கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். மறுபடி அடைக்க வேண்டும். பெயர்க்காரணமே அதுதான். முதல் போட்டியில் ஜெயித்தவர் ஆலன் பாண்ட்ஸ். மற்றவர்கள் சில்லறை பொறுக்க, அவர் விழாமல் வந்து சேர்ந்தார். அவ்வளவுதான்.

முதல்முறை போட்டிக்கு நிற்கிற பையனிடம் 'பயப்படாதேடா' என்கிறோம். அபத்தம்! பயமே இல்லாதவன் பிரேக்கைத் தொடமாட்டான். பயம் மட்டுமே உள்ளவன் பிரேக்கை விடமாட்டான். எந்த வளைவில் எவ்வளவு பிடிப்பது என்பது மட்டும்தான் அவனுடைய சொந்தச் சரக்கு. கீழே வந்ததும் 'என்ன வேகம்?' என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நீங்களாவது 'எங்கே பிரேக் பிடிச்சே?' என்று கேளுங்களேன்.