நான் விட்டா அடுத்தவன் பிடிப்பானே!

ஒரு மீனால் எனக்கு வந்த கேள்வியைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதப் போகிறேன். பதில் கிடைத்ததா என்று கேட்டால், பாதி கிடைத்திருக்கிறது. மீதியை நீங்களும் என்னோடு சேர்ந்து யோசிக்கலாம்.

செமஸ்டர் விடுமுறையில் மாமா என்னை குவாலா செபெத்தாங்குக்குத் தூண்டில் போட அழைத்துப் போனார். அன்று அமாவாசைக்கு மறுநாள். முதல்நாள்தான் வீட்டில் தாத்தாவுக்குப் படையல் போட்டு எல்லோரும் சைவம் சாப்பிட்டிருந்தோம். மறுநாள் விடியறதுக்கு முன்னாலேயே ஈப்போவிலிருந்து கிளம்பிவிட்டோம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல்நீர் ஏறுவதும் வற்றுவதும் அதிகமாக இருக்கும். நீர் ஓடினால்தான் மீன் கடிக்கும் என்பது மாமாவின் கணக்கு.

கணக்கு பொய்க்கவில்லை. ஆற்று முகத்துவாரத்தில், பாக்காவ் மரங்களின் ஓரமாக, என் தூண்டிலில் ஒரு சியாக்காப் மாட்டியது. எட்டு கிலோவுக்குக் குறையாது. என் வாழ்க்கையில் பிடித்த பெரிய மீன் அதுதான். படகு ஓட்டி வந்த பாக்சிக் அதன் வயிற்றைத் தடவிப் பார்த்து, "தெலோர் இருக்கு" என்றார். முட்டை இருக்கிறது என்று அர்த்தம். வேறு எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஏதோ இருந்தது. நானாகவே மாமாவிடம், "நான் விட்டா அடுத்த படகுக்காரன் பிடிப்பான், அவ்வளவுதானே?" என்றேன். மாமா சிரித்தார். மீன் ஐஸ் பெட்டிக்குள் போனது. படம் வாட்சாப் குழுவுக்குப் போனது.

வீட்டில் பாட்டி மீனை அறுத்தபோது உள்ளே இரண்டு பக்கமும் சினை நிறைந்திருந்தது. பாட்டிக்கு ஒரே சந்தோஷம். மிளகாய்த்தூள் போட்டுப் பொரித்து எனக்குத்தான் முதலில் வைத்தார். ருசியாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். சாப்பிட்டுக்கொண்டே படகில் நடந்ததைச் சொன்னேன். அடுத்தவன் பிடிப்பான் என்று நான் சொன்னதைக் கேட்டதும் பாட்டி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்க காட்டுலயும் கடைசியில அப்படித்தான்யா நடந்துச்சு" என்றார்.

பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அந்தக் காலத்தில் ஒரு மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டுவார்களாம். மரம் இலை உதிர்க்கும் மாதங்களில் பால் குறையும், வெட்டும் குறையும். கத்தி கொஞ்சம் ஆழமாகப் போய் மரத்துக்குக் காயம் பட்டால் கங்காணி பிடித்துக்கொள்வார். ஏனென்றால் உரித்த பட்டை மறுபடி வளர்ந்தால்தான் பல வருஷம் கழித்து அதே இடத்தில் வெட்ட முடியும். பிறகு ஒருநாள், பால்மரத்தையெல்லாம் சாய்த்துவிட்டு செம்பனை நடப் போகிறார்கள் என்று தெரிந்தது. அன்றிலிருந்து எல்லாம் மாறிவிட்டது. ஏணி வைத்து மேலே வெட்டினார்கள், கீழே வெட்டினார்கள், தினமும் வெட்டினார்கள். காயம் பட்டாலும் யாரும் கேட்கவில்லை.

"நாளைக்கு இல்லாத மரம்தானேன்னு ஆயிருச்சு. எங்க கையே எங்களுக்குப் பழகாத கையா போச்சு" என்றார் பாட்டி.

நண்பர்களே, சாகப் போகிற மரத்தை அப்படி வெட்டுவதிலாவது ஒரு கணக்கு இருக்கிறது. கடல் அப்படியா? கடலை யாரும் சாய்க்கப் போவதாகச் சொல்லவில்லையே! "எப்படியும் அடுத்தவன் எடுத்துருவான்" என்று நாமே நினைத்துக்கொண்டு, நாளை இல்லாத மரத்தைப் போல அதை வெட்டுகிறோம்.

அதன்பிறகுதான் சியாக்காப் பற்றிப் படித்தேன். தமிழ்நாட்டில் இதைக் கொடுவா என்கிறார்கள். பெரும்பாலான கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து, சில வருஷங்கள் கழித்துப் பெண்ணாக மாறுகிறது. ஆகவே பெரிய மீன் என்றால் அநேகமாக அது தாய் மீன். ஒரு தாய் மீன் ஒரு பருவத்தில் பல லட்சம் முட்டைகள் விடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி முகத்துவாரத்துக்கு வந்து முட்டையிடும்; ஏறுகிற நீர் அவற்றை உள்ளே சதுப்புநிலக் காட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதாவது, நாங்கள் "நல்லா கடிக்கும்" என்று நாள் பார்த்துப் போகிறோமே, அதே நாளில்தான் அது பிள்ளை பெறவும் வருகிறது.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் கிழக்குக் கரையில் நவம்பர் 1 முதல் பிப்ரவரி 1 வரை இந்த மீனைப் பிடிக்கக் கூடாது. மற்ற மாதங்களிலும் 58 செண்டிமீட்டருக்குக் குறைந்ததையும், 120 செண்டிமீட்டரைத் தாண்டியதையும் விட்டுவிட வேண்டும். குட்டிக்கும் பாதுகாப்பு, கிழவிக்கும் பாதுகாப்பு.

நம் பேராக் கரையில் ஒரு விசேஷம் இருக்கிறது. கிளந்தான், திரெங்கானு பக்கம் வடகிழக்குப் பருவக்காற்று வந்தால், நவம்பரிலிருந்து சில மாதங்களுக்குச் சின்னப் படகுகள் வெளியே போவதே கஷ்டம். அங்கே கடலே கதவைச் சாத்திக்கொள்கிறது. நமக்கோ எதிரே சுமத்ரா இருக்கிறது. மலாக்கா நீரிணையில் அலை பெரும்பாலும் அடங்கியே இருக்கும். வருஷம் முழுக்கப் படகு போகலாம். கதவு திறந்தே கிடக்கிற வீட்டில், எப்போது சாத்துவது என்று வீட்டில் இருப்பவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். நான் ஒருவன் மட்டும் சாத்தி என்ன பிரயோஜனம்?

1968-ல் காரட் ஹார்டின் என்ற உயிரியலாளர் எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது. பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவனும் இன்னும் ஒரு மாட்டை விடுவதே தனக்கு லாபம் என்று நினைப்பான். கடைசியில் புல்லே இருக்காது என்பது அவருடைய வாதம். படகில் நான் சொன்னதும் இதே வாதம்தான். ஆனால் எலினோர் ஓஸ்ட்ரம் என்ற அம்மையார் நிஜமான கிராமங்களையும் மீனவர்களையும் ஆராய்ந்து வேறொன்றைக் காட்டினார். பொதுச் சொத்தைப் பயன்படுத்துகிறவர்கள் பல இடங்களில் தாங்களே கூடிப் பேசி, விதி வகுத்து, அதைக் காப்பாற்றியும் வந்திருக்கிறார்கள். 2009-ல் அவருக்குப் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆக, எல்லா இடத்திலும் அடுத்தவன் பிடித்துக்கொண்டே இருப்பதில்லை.

தமிழ்நாட்டையே பாருங்கள். 2001-லிருந்து அங்கே கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறது. முதலில் 45 நாட்கள். இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். மீன்கள் இனப்பெருக்கம் செய்கிற காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. நாட்டுப் படகுகளுக்கு விலக்கு உண்டு. அந்த நாட்களில் படகுகள் கரையில் நிற்கும்; பழுது பார்ப்பார்கள், வலை பின்னுவார்கள், மீன் விலை ஏறும். மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணத் தொகை கொடுக்கிறது. அது போதாது என்ற குறையும் ஒவ்வொரு வருஷமும் எழுகிறது.

இங்கேதான் எனக்கு இன்னொரு கேள்வி வந்தது. காத்திருப்பது அறம் என்றால், அதன் செலவை யார் கட்டுவது? நான் அந்த சியாக்காப்பை விட்டிருந்தால் எனக்கு நஷ்டம் ஒரு படமும் ஒரு நாள் பெருமையும்தான். பாக்சிக் விட்டிருந்தால் அவர் வீட்டு அரிசிக் காசு போயிருக்கும். ஆகவே "மீனவன் கட்டுப்பாடாக இருக்கணும்" என்று ஈப்போவில் உட்கார்ந்துகொண்டு நான் உபதேசம் செய்ய முடியாது. விளையாட்டுக்குப் பிடிக்கிற நான்தான் முதலில் விட வேண்டும்.

நாம் விரதம் தெரியாதவர்கள் இல்லை. புரட்டாசி வந்தால் நம்மில் நிறையப் பேர் ஒரு மாதம் மீனைத் தொடுவதில்லை. புரட்டாசி முடிந்த மறுநாள் பாசாரில் மீன் கடைக் கூட்டத்தையும் பார்த்திருப்பீர்கள்! நான் விரதத்தைக் குறை சொல்லவில்லை. அது நம் மனசுக்கான நாள்காட்டி. மீனுக்கும் ஒரு நாள்காட்டி இருக்கிறது, அதையும் கொஞ்சம் திரும்பிப் பார்ப்போமே என்றுதான் கேட்கிறேன்.

சமய வகுப்பில் அதிபத்த நாயனார் கதையைக் கேட்டிருப்பீர்கள். நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் மீனவர் தலைவர். தினமும் கிடைக்கும் மீன்களில் ஒன்றைச் சிவபெருமானுக்கு என்று கடலிலேயே விட்டுவிடுவார். வலை நிறைய மீன் விழுந்த நாட்களில் அது பெரிய காரியமில்லை. பிறகு நாளுக்கு ஒரே ஒரு மீன் மட்டும் கிடைக்கிற காலம் வந்தது. அதையும் விட்டார். குடும்பம் பசியில் வாடியது. கடைசியில் பொன்மீன் ஒன்று வலையில் விழுந்தது. அதையும் விட்டார்.

சின்ன வயதில் எனக்குப் பொன்மீன்தான் ஞாபகம் இருந்தது. இப்போது யோசித்தால், அந்தத் தனி மீன் விட்ட நாட்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன. அவர் மீன்வளத்தைக் காப்பாற்ற விடவில்லை, பக்தியால் விட்டார். அது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். அவர் விட்ட மீன் பக்கத்துப் படகுக்காரன் வலையில் விழுந்திருக்கலாம் இல்லையா? கதையில் அவர் அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. அடுத்தவன் என்ன செய்வான் என்று பார்த்துத் தன் கை என்ன செய்வது என்பதை அவர் முடிவு செய்யவில்லை. பாட்டி சொன்ன "பழகாத கை" எனக்கு இங்கேதான் புரிந்தது. நாம் கெடுப்பது கடலை மட்டுமில்லை, நம் கையையும்தான்.

ஆனால் நாயனார் பட்டினி கிடந்தது அவராகத் தேர்ந்தெடுத்தது. அதை அடுத்தவர் மேல் சுமத்த நமக்கு உரிமை இல்லை. அதனால்தான் பொது விதியும் வேண்டும், அந்த விதியால் வருமானம் இழக்கிறவருக்கு நிவாரணமும் வேண்டும். விதி மட்டும் இருந்து விட மனசில்லாவிட்டால் ராத்திரியில் திருட்டுத்தனமாக வலை போடுவோம். மனசு மட்டும் இருந்து விதி இல்லாவிட்டால் நல்லவன் பட்டினி கிடப்பான், மற்றவன் அள்ளுவான். இரண்டும் சேர வேண்டும். எது முதலில் என்று கேட்டால், என் கையில் இருப்பதுதான் முதலில் என்பேன். அடுத்தவன் விட்டால் நானும் விடுவேன் என்று எல்லோரும் காத்திருந்தால் எந்த விதியும் பிறக்காது.

நான் மீன் பிடித்த இடத்திலேயே இதற்கு ஒரு சாட்சி நிற்கிறது. குவாலா செபெத்தாங்கைச் சுற்றியுள்ள மாத்தாங் சதுப்புநிலக் காடு ஏறக்குறைய 40,000 ஹெக்டேர். நூறு வருஷத்துக்கும் மேலாக அங்கே கரிக்கு மரம் வெட்டுகிறார்கள். ஓர் இடத்தில் வெட்டினால் மறுபடி அங்கே வெட்ட சுமார் 30 வருஷம் காத்திருக்க வேண்டும். இன்று கன்று நடுகிறவர் அதை வெட்டும்போது கிழவராகியிருப்பார், அல்லது இருக்கவே மாட்டார். ஆனாலும் நடுகிறார்கள். வெட்டிப் பிழைக்கிற தொழிலிலேயே காத்திருக்க முடிகிறது என்றால், பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிற நமக்கு என்ன கஷ்டம்?

அடுத்த மாதம் பௌர்ணமிக்கு மறுபடி போகலாம் என்று மாமா கூப்பிட்டிருக்கிறார். அளவுநாடா எடுத்து வருகிறேன், பெரிய சியாக்காப் மாட்டினால் விட்டுவிடுவோம் என்று சொல்லியிருக்கிறேன். வாட்சாப் குழுவிலும் எழுதிப் போட்டேன். மூன்று பேர் கட்டை விரலைக் காட்டினார்கள், நான்கு பேர் கேலி செய்தார்கள். பாட்டி மட்டும், "சின்னதா ரெண்டு கொண்டாந்தா போதும்யா, குழம்புக்கு ஆகும்" என்றார்.

மாமா என்ன சொன்னார் தெரியுமா? "முதல்ல மாட்டட்டும்டா, அப்புறம் பார்க்கலாம்!"

அவர் சொல்வதும் நியாயம்தான். கையில் எட்டு கிலோ துள்ளும்போதுதான் என் கொள்கை என்ன ஆகிறது என்று தெரியும். அதற்கு முன்னாலேயே இதை இங்கே எழுதிவிட்டேன். இனி நீங்கள் கேட்பீர்கள் அல்லவா, அதற்காகத்தான்.