யார் செய்த வினை?

மாரடைப்பில் ஒருவர் போய்விட்டால் துக்க வீட்டிலேயே விசாரணை தொடங்கிவிடுகிறது. சிகரெட் பிடிப்பாராமே, ஊறுகாய் இல்லாமல் சோறு இறங்காதாமே? அவரவர் வினை அவரவருக்கு என்று தீர்ப்பும் வந்துவிடும். வினைக் கொள்கை இதைவிட நுட்பமானது. அதைக் குற்றப்பத்திரிகையாகச் சுருக்கியவர்கள் நாம்தான். பழக்கம் நோயைக் கொண்டுவரும் என்பதில் ஐயமில்லை. அந்தப் பழக்கம் முழுக்க அவருடையதுதானா என்பதே கேள்வி.

பின்லாந்தின் கிழக்கு எல்லையில் இருக்கிறது வட கரேலியா. 1970-களின் தொடக்கத்தில், நடுவயது ஆண்கள் இதயநோயால் சாவது உலகிலேயே மிக அதிகமாக இருந்த பகுதிகளுள் ஒன்று. மரம் வெட்டியும் மாடு வளர்த்தும் பிழைத்தவர்கள். சோம்பேறிகள் என்று யாரும் சொல்ல முடியாது. ரொட்டியில் அப்பிய வெண்ணெய், ஆடை எடுக்காத பால், தூக்கலான உப்பு, விரலிடுக்கில் சிகரெட். இது எவரோ ஒருவரின் நாக்குச் சபலமல்ல, ஊர்ச் சாப்பாடு. 1971-இல் அப்பகுதியினரே அரசிடம் முறையிட, அடுத்த ஆண்டு பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவரின் தலைமையில் ஒரு திட்டம் தொடங்கியது. நோயாளிகளைக் கண்டிப்பதோடு அது நிற்கவில்லை. மார்த்தா என்ற பெண்கள் அமைப்போடு சேர்ந்து அடுப்படிக்குள் நுழைந்தது. உணவு தயாரிப்பவர்களிடம் கொழுப்பையும் உப்பையும் குறைக்கச் சொன்னது. பால் பண்ணையாளர்களுக்குப் பெர்ரி சாகுபடிக்கு வழிகாட்டியது. நாற்பது ஆண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களிடையே இதயநோய்ச் சாவு 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது.

பக்கத்து மாகாணமான குவோப்பியோவிலும் சாவு குறைந்ததே, திட்டத்துக்கு என்ன பெருமை என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். மருந்தும் சிகிச்சையும் மேம்பட்டதற்கும் பங்கு உண்டு. ஆனால் குவோப்பியோவிலும் சாப்பாடு மாறிக்கொண்டிருந்தது. பழக்கம் எல்லைக்கோட்டில் நிற்பதில்லை என்பதற்கு நான் அதையே சாட்சியாக எடுத்துக்கொள்வேன்.

ஜெஃப்ரி ரோஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1985-இல் எழுதிய கட்டுரை இங்கே உதவும். பேராபத்தில் உள்ள சிலரைவிட, சிற்றாபத்தில் உள்ள பலரிடமிருந்தே கூடுதல் நோயாளிகள் வரக்கூடும் என்றார் அவர். ஊரே உப்பைக் கொஞ்சம் குறைத்தால் ஊருக்குப் பெரிய நன்மை. குறைத்த தனி ஆளுக்கோ கண்ணுக்குத் தெரியும்படி ஒன்றுமில்லை. பிழைத்தவர் இன்னார் என்று காட்டவே முடியாது. செய்தவரையும் பலனையும் ஒன்றுக்கொன்று முடிச்சுப் போடும் வினைக்கணக்கு இந்த இடத்தில் திணறுகிறது.

அப்படியானால் யாருக்குமே பொறுப்பில்லையா? உண்டு, ஆனால் எல்லாருக்கும் சமமாக இல்லை. தனக்கு மட்டும் உப்புப் போட்டுக்கொள்பவரைவிட, ஆயிரம் பேருக்கு உலை வைப்பவருக்கும் பிஸ்கட் தொழிற்சாலை நடத்துபவருக்கும் அது கூடுதல். என் தட்டில் கைவைக்க நீ யார் என்ற ஆட்சேபத்தையும் தள்ளிவிட முடியாது. ஆனால் பிரிட்டனில் 2000-க்குப் பிறகான பத்தாண்டுகளில் கடை ரொட்டியின் உப்பைப் படிப்படியாகக் குறைத்தபோது, பெரும்பாலோர் நாக்கு அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அதற்கு முன் அந்த ரொட்டியில் இருந்த உப்பையும் அவர்கள் கேட்டு வாங்கியிருக்கவில்லை.