இன்சுலினும் இரண்டு விதிகளும்

தமிழில் 'விதி' என்ற ஒரே சொல் இரண்டு எதிரெதிரான காரியங்களைச் செய்கிறது. சாலை விதி, கால்பந்து விதி, தேர்தல் விதி என்று நாமே எழுதிவைத்து, சரிப்படவில்லை என்றால் நாமே திருத்திக்கொள்வது ஒன்று. "எல்லாம் விதி" என்று பெருமூச்சு விட்டுவிட்டு எழுந்து போவது இன்னொன்று.

ஜொகூரில் நான் வளர்ந்த தாமானில் இனிப்பு நீர் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டாவது விதியில்தான் போய் முடியும். தாத்தாவுக்கு இருந்துச்சு, அப்பாவுக்கு வந்துச்சு, நமக்கும் வரும். புள்ளிவிவரமும் இந்தப் பெருமூச்சுக்குத் துணை நிற்கிறது. மலேசிய சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வு 2019இல் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. 2023இல் அது 15.6 விழுக்காடு. இறங்கிய பிறகும் ஏறக்குறைய ஆறில் ஒருவர். இனவாரியாகப் பார்த்தால் முன்னால் நிற்பது இந்தியர்கள்தான்.

நான் தொழிற்சாலைகளில் தானியங்கிக் கட்டுப்பாட்டு அமைப்புகளோடு மாரடிப்பவன். வெப்பம் இந்த அளவைத் தாண்டினால் வால்வைத் திற, அழுத்தம் இந்த அளவுக்குக் கீழே போனால் பம்பை நிறுத்து. என் வேலையே இப்படிப்பட்ட முதல் வகை விதிகளை எழுதுவது. இன்சுலின் அளவையும் இப்படி ஒரு விதியிடம் கொடுத்துவிடலாம் என்று மருத்துவம் கொஞ்சம் கொஞ்சமாக ஒத்துக்கொண்டு வருகிறது. கொடுக்கலாமா? கொடுத்தால் ஒரு சுமையை இறக்கி வைக்கிறோமா, இல்லை பொறுப்பைக் கைகழுவுகிறோமா? இதுதான் என் கேள்வி.

முதலில் இன்சுலின் ஏன் மற்ற மாத்திரைகள் மாதிரி இல்லை என்று சொல்லிவிடுகிறேன். குழம்பில் உப்பு குறைந்தால் போடலாம்; கூடினால் எடுக்க முடியாது. இன்சுலினும் அப்படித்தான். தோலுக்கடியில் ஏற்றியதைத் திரும்ப உறிஞ்ச முடியாது. வேகமாகச் செயல்படும் வகைகூட உச்சத்தைத் தொட ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு, நான்கைந்து மணி நேரம் உடம்பில் வேலை செய்யும். குறைவாகப் போட்டால் கண், சிறுநீரகம், கால் என்று வருடக்கணக்கில் மெதுவாகக் கெடும். கூடிவிட்டால் அரை மணி நேரத்திலேயே கை நடுங்கி, வியர்த்து, மயக்கம் வரைக்கும் போகலாம். ஒரு தவறு தாமதமாகத் தண்டிக்கிறது, இன்னொன்று உடனே. இரண்டுக்கும் நடுவில் ஒரு எண்ணைத் தினமும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மருந்து நமக்குத் தூரத்தில் இல்லை. இஸ்கண்டார் புத்திரியின் பயோ-எக்ஸெல் தொழிற்பூங்காவில், பெங்களூரைத் தலைமையகமாகக் கொண்ட பயோகான் நிறுவனத்தின் இன்சுலின் ஆலை இருக்கிறது. அங்கே தயாராகும் இன்சுலின் கிளார்ஜின்தான், மூல மருந்துக்குப் பதிலாக மருந்தகத்திலேயே மாற்றிக் கொடுக்கலாம் என்ற அனுமதியை 2021 ஜூலையில் அமெரிக்காவில் பெற்ற முதல் இன்சுலின். அரசாங்க கிளினிக்கிலோ ஒரு ரிங்கிட் கட்டணத்தில் டாக்டரைப் பார்த்து மருந்தும் வாங்கிக்கொண்டு வரலாம். நமக்குத் தட்டுப்பாடு மருந்தில் இல்லை. 'இன்னிக்கு ராத்திரி எத்தனை யூனிட்?' என்ற முடிவில்தான் தட்டுப்பாடு. அந்த முடிவை எடுக்கத் தெரிந்தவரைப் பார்க்க மூன்று மாதமோ நான்கு மாதமோ ஆகும். அதுவரைக்கும் காலைச் சர்க்கரை ஏறிக்கொண்டே இருந்தாலும் பழைய அளவுதான்.

இந்த இடைவெளிக்குள்தான் விதி நுழைந்தது. 2007இல் அமெரிக்காவில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இரண்டாம் வகை நீரிழிவு நோயாளிகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு வெளியானது. அதில் ஒரு பகுதியினருக்கு டாக்டர்கள் வழக்கம்போல் அளவை மாற்றினார்கள். மற்றவர்கள் கையில் ஒரே ஒரு விதியைக் கொடுத்தார்கள். மூன்று நாள் காலை வெறும் வயிற்றுச் சர்க்கரையின் சராசரியை எடு. 4.4க்குக் கீழே இருந்தால் மூன்று யூனிட் குறை. 6.1க்கு மேலே இருந்தால் மூன்று யூனிட் கூட்டு. நடுவில் இருந்தால் தொடாதே. அவ்வளவுதான். '303 விதி' என்று பெயர். நீண்ட நேரம் செயல்படும் ஒரு குறிப்பிட்ட வகை இன்சுலினுக்கு, டாக்டரின் கண்காணிப்பில் மட்டும் பொருந்துவது. எல்லா ஊசிக்கும் இதைப் போடக்கூடாது. அரை வருடம் கழித்துப் பார்த்தபோது, தாங்களே விதியைப் பின்பற்றியவர்களின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு, டாக்டர்கள் அளவு மாற்றியவர்களுடையதைவிட மோசமாக இல்லை; ஒரு துளி மேலாகவே இருந்தது.

இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது அந்த முடிவு அல்ல. ஐந்தாம் ஆண்டுக் கணக்கு இது, யாராலும் செய்ய முடியும். அந்த விதி எதைக் கேட்காமல் விட்டது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நேற்று என்ன சாப்பிட்டாய் என்று அது கேட்கவில்லை.

நம் வீடுகளில் சர்க்கரை அளவு என்பது நன்னடத்தைச் சான்றிதழ். பன்னிரண்டு என்று மீட்டர் காட்டினால், "வாயைக் கட்டத் தெரியல" என்ற தீர்ப்பு கூடவே வந்துவிடும். கல்யாண வீட்டில் பாயசத்தைக் கையில் எடுத்த அத்தையை நாலு பேர் பார்ப்பார்கள். கிளினிக் போவதற்கு இரண்டு நாள் முன்னால் மட்டும் தே ஓ கோசோங் குடிக்கிறவர்கள் உண்டு. மிஸ்ஸி ஏசுவாங்களே என்று புத்தகத்தில் அழகான எண்களைச் சொந்தமாக எழுதிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. பொய் எண்ணைப் பார்த்து டாக்டர் மருந்தைக் கூட்டாமல் விட்டால் நஷ்டம் யாருக்கு? கண்டிப்பு அதிகமாகும்போது தகவல் கெட்டுப்போகிறது. எந்தத் தொழிற்சாலையிலும் இதைப் பார்க்கலாம்: அளவு தவறினால் ஆளைத் திட்டும் மேலாளரிடம் சரியான அளவுகள் வந்து சேராது.

303 விதிக்கு முன்னால் 8.2 என்பது பாவம் இல்லை, ஒரு உள்ளீடு. கூட்டு மூன்று. முடிந்தது. விதி எளிமையாக்கியது கணக்கை என்று நினைக்கிறோம். அதைவிடப் பெரிதாக அது எளிமையாக்கியது குற்ற உணர்ச்சியை. பொறுப்பு போய்விட்டதா என்றால் இல்லை. ஊசியை அவர்தான் போடுகிறார், விரலை அவர்தான் குத்திக்கொள்கிறார். போனது அவமானம் மட்டும்தான். இந்த இரண்டையும் நாம் நீண்ட காலமாக ஒன்றென்று குழப்பிக்கொண்டிருந்தோம்.

ஆனால் எளிமையான விதி எல்லாம் நல்ல விதி என்று இங்கேயே கொடி நட்டுவிட முடியாது. மருத்துவமனை வார்டுகளில் 'ஸ்லைடிங் ஸ்கேல்' என்று ஒன்று பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருந்தது. இப்போதைய சர்க்கரை இவ்வளவு என்றால் இத்தனை யூனிட் என்று ஒரு அட்டவணை. ஏறிய பிறகுதான் அது விழிக்கும். நோயாளி அடுத்து என்ன சாப்பிடப் போகிறார் என்று அதற்குத் தெரியாது. அதை மட்டுமே நம்பி மருத்துவம் செய்ய வேண்டாம் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கமே வலியுறுத்துகிறது. அட்டவணை எளிமைதான். ஆனால் வார்டின் வசதிக்கான எளிமை, நோயாளிக்கானதல்ல.

இன்னும் நுணுக்கமான சிக்கல் ஒன்று இருக்கிறது. எல்லா விதிக்குள்ளும் ஒரு வாழ்க்கை ஒளிந்திருக்கிறது. கலவை இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் ஒன்று, ராத்திரிச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் ஒன்று. இதைவிட எளிமை கிடையாது. ஆனால் போட்டால் சாப்பிட்டே ஆகவேண்டும், அதுவும் நேரத்துக்கு. இந்த விதியை எழுதியவர் மனதில் மேசையில் காலை உணவு தயாராக இருக்கும் ஒரு வீடு இருக்கிறது.

ஜொகூர் பாருவில் அதிகாலை நான்கு மணிக்கே மோட்டார் சைக்கிள்கள் காஸ்வேயைப் பார்த்துக் கிளம்பிவிடும். சிங்கப்பூரில் ஷிப்ட் தொடங்கும் முன் குடிநுழைவுச் சோதனையைத் தாண்ட வேண்டும். இப்படிப் போகிறவர் ஊசியை எப்போது போடுவார்? நான்கு மணிக்கு வீட்டில் போட்டால் நாலரைக்குச் சாப்பிட வேண்டும். அந்த நேரத்தில் தொண்டையில் ஒன்றும் இறங்காது. போட்டுவிட்டுக் கிளம்பி, வழியில் நெரிசலில் மாட்டி, ஹேண்டிலைப் பிடித்தபடி சர்க்கரை இறங்கினால்? அதனால் காலை ஊசியை விட்டுவிடுகிறார். என் உறவிலேயே ஒரு மாமா பல வருடம் அப்படித்தான் ஓட்டினார். அவருடைய புத்தகத்தில் என்ன எழுதப்படும்? 'மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை.' விதி அந்த வாழ்க்கைக்குப் பொருந்தவில்லை. ஆனால் தப்பு வாழ்க்கையின் மேல் பதிவாகிறது.

அப்படியானால் தனக்கான விதியைத் தானே எழுதிக்கொள்ள முடிந்தால்? அமெரிக்காவின் சியாட்டிலில் டானா லூயிஸ் என்ற பெண் அதைச் செய்தார். முதல் வகை நீரிழிவு உள்ளவர். சர்க்கரை இறங்கினால் சென்சார் அலாரம் அடிக்கும், ஆனால் தூக்கத்தில் அவருக்கு அந்தச் சத்தம் கேட்காது. 2013இல் அவரும் ஸ்காட் லைப்ராண்டும் சேர்ந்து முதலில் செய்தது சத்தமான ஓர் அலாரம், அவ்வளவுதான். பிறகு அடுத்த சில மணி நேரத்தில் சர்க்கரை எங்கே போகும் என்று கணிக்கும் விதிகளைச் சேர்த்தார்கள். அந்த வருட இறுதியில், பென் வெஸ்ட் எழுதிய நிரலின் உதவியோடு, ஒரு பழைய இன்சுலின் பம்ப்புக்குக் கணினியே கட்டளை அனுப்பத் தொடங்கியது. 2015இல் இதன் வடிவமைப்பை 'ஓப்பன் ஏபிஎஸ்' என்ற பெயரில் எல்லாரும் படிக்கும்படி வெளியிட்டார்கள். ஒரு நிறுவனம் விற்கும் இவ்வகைப் பம்ப்புக்கு அமெரிக்க அரசு முதன்முதலில் அனுமதி கொடுத்தது 2016 செப்டம்பரில்.

அந்த வடிவமைப்பில் ஒரு பொறியாளனாக எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கணினி சர்க்கரையைப் படித்து, இன்சுலின் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ சொல்கிறது. ஆனால் ஒவ்வொரு கட்டளைக்கும் ஆயுள் அரை மணி நேரம் மாதிரிதான். கணினி உடைந்தாலும், பேட்டரி தீர்ந்தாலும், சிக்னல் போனாலும், அந்த நேரம் முடிந்ததும் பம்ப், டாக்டரும் நோயாளியும் முன்பே குறித்து வைத்த சாதாரண வேகத்துக்குத் திரும்பிவிடும். இதற்கு மேல் போகாதே என்று உச்சவரம்பும் உண்டு. தனக்குத் தெரியாத நேரத்தில் கையை எடுத்துக்கொள்ளத் தெரிந்த விதி அது. மனிதர்களிலேயே இது அபூர்வம்.

இன்னொன்றும் முக்கியம். அது ஏன் இந்த அளவைத் தேர்ந்தெடுத்தது என்பதைப் படிக்கிற மாதிரி எழுதி வைக்கிறது. 'ஏன்?' என்று கேட்டால் பதில் இருக்கிறது. பதில் பிடிக்கவில்லை என்றால் மாற்ற இடமும் இருக்கிறது.

இங்கேதான் விதியின் இரண்டு அர்த்தங்களும் முட்டிக்கொள்கின்றன. கவுண்டரில் நின்றுகொண்டு "சிஸ்டம் அப்படித்தான் காட்டுது" என்ற பதிலை வாங்காதவர் நம்மில் யார்? யாரோ எழுதிய முதல் வகை விதிதான் அது. ஆனால் யார் எழுதியது, ஏன், எப்படி மாற்றுவது என்று கேட்க முடியாமல் போன அந்த நிமிடமே அது இரண்டாவது வகையாகிவிடுகிறது. தலைவிதியை ஒழிக்க வந்த இயந்திரமே புதுத் தலைவிதியாக உட்கார்ந்துகொள்ள அதிக நேரம் ஆகாது. பம்ப்பும் சென்சாரும் நம் ஊரில் பெரும்பாலும் சொந்தக் காசில் வாங்குவது என்பதால் இது பணக்காரர்களின் பிரச்சினை என்று நினைக்கலாம். பென்சிலும் தாளும் போதுமான 303 விதிக்கும் இதே ஆபத்து உண்டு.

அந்த விதியில் 6.1 என்ற எண் எங்கிருந்து வந்தது? விதி அதைக் கண்டுபிடிக்கவில்லை, அதனிடம் கொடுக்கப்பட்டது. இலக்கை நோக்கி எப்படி நடப்பது என்று விதிக்குத் தெரியும். இலக்கு சரிதானா என்று தெரியாது. இதன் விலை என்ன என்று மருத்துவ உலகம் ஒருமுறை பார்த்துவிட்டது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,251 பேரை வைத்து 'அக்கார்ட்' என்ற ஆய்வு நடந்தது. எல்லாரும் இரண்டாம் வகை நீரிழிவோடு இதய நோய் ஆபத்தும் உள்ளவர்கள். ஒரு குழுவுக்கு மூன்று மாதச் சராசரியை 6 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவருவது இலக்கு; இன்னொன்றுக்கு 7க்கும் 7.9க்கும் இடையில். முதல் குழுவின் எண்கள் அழகாக இறங்கின. ஆனால் அந்தக் குழுவில் 257 பேர் இறந்திருந்தார்கள், மற்றதில் 203 பேர். 2008 பிப்ரவரியில் அந்தத் தீவிர சிகிச்சையை நிறுத்தினார்கள். எண் நன்றாகிக்கொண்டிருந்தது, மனிதர்கள் நன்றாகவில்லை. அதற்குப் பிறகுதான் வயது, மற்ற நோய்கள், சூழல் பார்த்து ஆளுக்கு ஆள் இலக்கை வைக்கும் எண்ணம் வலுப்பட்டது.

ஆகவே என் பதில் இது. கணக்கை விதியிடம் தாராளமாகக் கொடுக்கலாம். நம்மைவிட அலுப்பில்லாமல், திட்டாமல் செய்யும். எதற்காக அந்தக் கணக்கு என்பதைக் கொடுக்க முடியாது. கொடுத்துவிட்டதாக நினைத்தாலும் உண்மையில் வேறு யாரோ ஒரு மனிதரிடம்தான், அவர் முகம் தெரியாமல் கொடுத்திருக்கிறோம்.

நம் தாமான்களில் பகலில் நடந்து பாருங்கள். பிள்ளைகள் பாலத்துக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போய்விட்ட வீடுகளில் பாட்டிகள் தனியாக இருக்கிறார்கள். காலை பதினோரு மணிக்குச் சர்க்கரை இறங்கினால் மைலோ கலக்கிக் கொடுக்க ஆள் இல்லை. அப்படிப்பட்ட ஒருவருக்கு இலக்கைக் கொஞ்சம் உயர்த்தி வைப்பதுதான் நல்ல மருத்துவம். எந்தப் பம்ப்பாக இருந்தாலும், எந்தத் தாளாக இருந்தாலும், அந்த எண்ணை யாரோ ஒருவர் கையால்தான் எழுத வேண்டும். எழுதுவதற்கு முன்னால் அவரிடம், "பகல்ல வீட்ல யாரு இருக்கா?" என்று ஒருமுறை கேட்டிருக்க வேண்டும்.