கார்த்தஹேனாவின் மதில்மேல்

கொலம்பியாவின் கார்த்தஹேனாவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கோட்டை மதிலைப் பார்க்கவே வருகிறார்கள். கடற்கொள்ளையருக்கு அஞ்சி ஸ்பானியர் எழுப்பியது அது. 1984இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது.

அதன்மேல் நடப்பவர் அண்ணாந்தால் போதும். கவட்டை வாலோடு மிதக்கும் ஃபிரிகேட் பறவை தெரியும். கடலோரவாசிதான், ஆனால் இறகு நனைந்தால் ஆகாது! அதனால் நீரில் இறங்காமல், மற்ற பறவைகள் பிடித்த மீனையும் வானிலேயே பறித்துவிடும். கொள்ளையரைத் தடுக்கும் மதில் இதனிடம் செல்லுபடியாகவில்லை. கீழே பழுப்புக் கூழைக்கடா தலைகுப்புறக் கடலில் பாய்கிறது.

ஊரின் செல்லமோ 'மரியா முலாத்தா' என்ற பறவை. ஆண் மினுங்கும் கருநீலம், மஞ்சள் கண், நீள வால், பெண் பழுப்பு. ஓவியர் என்ரிக்கே கிராவ் இதற்குச் சிலையே வடித்தார். இதைக் காணத் தொலைநோக்கி வேண்டாம். தட்டில் மிச்சமிருந்தால் மேசைக்கே வந்துவிடும்.