ஈரமும் தணலும்

ஐப்பசி பிறந்தால் எங்கள் வீட்டில் துணிக்கொடி உள்ளே வந்துவிடும். கொல்லையில் இரண்டு தென்னைக்கு நடுவே கட்டியிருந்ததை அவிழ்த்துத் தாழ்வாரத்தில் குறுக்காகக் கட்டுவோம். அதுவும் போதாமல் சன்னல் கம்பி, நாற்காலி முதுகு, தையல் மிஷின் என்று எட்டிய இடமெல்லாம் பள்ளிச் சீருடையும் சின்னவனின் கால்சட்டைகளும் தொங்கும். மயிலாடுதுறைப் பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அடுத்த இரண்டு மாதமும் தலையாய வேலை உலர்த்துவதுதான். துணி, புத்தகப் பை, செருப்பு, தீப்பெட்டி, எல்லாவற்றுக்கும் முன்னால் பிள்ளைகளின் தலை.

பள்ளி வேனிலிருந்து இறங்கி வாசலுக்கு ஓடிவருவதற்குள் பெரியவள் நனைந்துவிடுகிறாள். அவளை மடியில் சாய்த்து, பழைய வேட்டித் துண்டால் அழுத்தித் துவட்டும்போது அன்று நடந்ததையெல்லாம் சொல்கிறாள். முகம் துண்டுக்குள் இருக்கும். நேராகப் பார்த்துக் கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்று ஓடிவிடுபவள், துண்டுக்குள்ளிருந்து யார் அழுதார்கள், யார் யாருக்குச் சோறு கொடுத்தார்கள், யாரோடு இனிமேல் பேசப் போவதில்லை என்று ஒன்று விடாமல் சொல்வாள். கோடையில் என் மகளைப் பற்றி எனக்குத் தெரிவதைவிட மழைக்காலத்தில் தெரிவது அதிகம்.

*

பாடப் புத்தகத்தில் இலை பழுத்து உதிர்கிற மரத்தின் படம் ஒன்று இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு பெரியவள் வாசலுக்கும் கொல்லைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். இங்கே எதுவும் பழுக்கவில்லை. நட்ட சம்பா வேர்பிடித்து வயலெல்லாம் ஒரே பச்சை. முருங்கை கொழுத்து நிற்கிறது. சுவரில்கூடப் பாசி. பழந்தமிழர் ஆண்டை ஆறு பருவமாகப் பிரித்தபோது ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்றார்கள். வடக்குக் குளிர்நாடுகளில் மரங்கள் இலையைக் கொட்டி ஆண்டை முடிக்கிற அதே மாதங்களில் நமக்கு வாய்க்கால் நிரம்புகிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியை அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வடகிழக்குப் பருவமழை கொடுத்துவிடும். காய்ந்த இலையைக் காட்ட முடியாத அம்மாக்கள் நாங்கள். பிள்ளையை இடுப்பில் வைத்து வரப்பில் நின்று தண்ணீரைக் காட்டுகிறோம்.

*

அடைமழை நாளில் சின்னவன் எழுந்ததும் கேட்பது, "விடிஞ்சிருச்சா?"

அவனுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. பால்காரரின் மணி, இட்லி வேகிற வாசனை, அக்காவின் வேன் ஹாரன், இவற்றை வைத்துத்தான் அவனுக்குப் பொழுது. கலெக்டர் லீவு விட்ட அன்று வேன் வராது. மழைச் சத்தத்தில் மணி கேட்காது. சன்னலில் காலை ஏழு மணியும் மாலை ஐந்து மணியும் ஒரே சாம்பல் நிறத்தில் இருக்கும். பகல் பன்னிரண்டுக்கு அவன் மறுபடியும் வந்து கேட்கிறான்.

நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டுகிற கூதிர்கால வீட்டை இந்த நாட்களில் நினைத்துக்கொள்கிறேன். சூரியனே தெரியாத அந்தப் பகலில், பித்திக மொட்டு அவிழ்ந்து மணப்பதை வைத்துத்தான் பெண்கள் மாலை வந்ததை அறிந்து விளக்கேற்றுகிறார்கள். வீட்டுப் புறாக்கள் இரவு எது பகல் எது என்று தெரியாமல் மயங்கி நிற்கின்றன. விசிறியைச் சுருக்கித் தொங்கவிட்டிருக்கிறார்கள், அதில் சிலந்தி நூல் கட்டியிருக்கிறது. குளிர்ந்த தண்ணீரை யாரும் தொடுவதில்லை, அகன்ற வாயுள்ள கணப்புச் சட்டியில் நெருப்பு கனிந்துகொண்டிருக்கிறது. போர்ப்பாசறையில் இருக்கும் அரசனையும் அவனைப் பிரிந்த அரசியையும் பற்றிய பாட்டு அது. எனக்கு அதில் பிடித்தது வீடுதான். குளிர் வந்ததும் எந்தப் பொருள் ஓரம்போகிறது, எந்தப் பொருள் நடுவுக்கு வருகிறது என்பதை அவ்வளவு கவனமாகப் பார்த்த கண், அந்தக் கண்.

எங்கள் வீட்டில் நடுவுக்கு வருவது அத்தையின் குமுட்டி அடுப்பு. கேஸ் வந்த பிறகும் அவர் அதைத் தூக்கிப்போட விடவில்லை. மாலையில் கரி போட்டு, தணல் கனிந்ததும் சாம்பிராணி தூவி, மேலே மூங்கில் கூடையைக் கவிழ்ப்பார். கூடையின்மேல் சின்னவனின் சட்டைகளைப் பரப்புவார். இவன் கைக்குழந்தையாக இருந்தபோது இவன் துணியெல்லாம் அப்படித்தான் காய்ந்தது. இப்போது இவனே கூடைக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, சட்டை சூடானதும் கன்னத்தில் வைத்துப் பார்த்து, "ஆயிருச்சு அப்பாயி" என்று அறிவிக்கிறான். எது காய்ந்தது, எது இன்னும் ஈரம் என்பதில் அவன் சொல்லை அத்தை தட்டுவதே இல்லை. நான்கு வயதுப் பிள்ளைக்கு வீட்டில் இப்படி ஒரு பொறுப்பு கிடைப்பது இந்தப் பருவத்தில்தான்.

*

தட்டான்கள் கூட்டமாக வந்தன, ஒரே ஒரு மாலைதான். தாழப் பறந்தால் மழை என்று அத்தை சொன்னார், மழையும் வந்தது. இவற்றில் ஒரு வகை நம் பக்கத்திலிருந்து மாலத்தீவு வழியாகக் கடல் கடந்து ஆப்பிரிக்கா வரை போவதாக, மாலத்தீவில் வாழ்ந்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர் 2009-ல் எழுதினார். போவது திரும்புவதில்லை. அதன் வழிவந்தவைதான் அடுத்த மழைக்கு இங்கே வந்து சேர்கின்றன என்று கருதுகிறார்கள். பெரியவளிடம் சொன்னேன். வாலில் நூல் கட்டுவதற்காகப் பிடித்து வைத்திருந்ததைச் சற்று நேரம் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். "அதுக்கு நேரமாயிருக்கும்" என்றாள்.

*

தீபாவளிக்கு அண்டாவில் வெந்நீர் கொதிக்கும்போது இன்னும் இருட்டு. நல்லெண்ணெயில் இரண்டு மிளகு போட்டுக் காய்ச்சி, அத்தை மூத்தவர் முறையில் எல்லோர் தலையிலும் வைத்தார். பிறகு லேகியம்: சுக்கு, திப்பிலி, ஓமம், வெல்லம், நெய். சின்னவன் காரத்தில் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான், துப்பவில்லை. வெடிக்கு இப்போது நேரம் உண்டு. 2018-ல் உச்ச நீதிமன்றம் இரண்டு மணி நேரம் என்று வரையறுத்த பிறகு, நம் மாநிலத்தில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அதில் ஒரு மணி நேரமே நிறைவாக இருக்கிறது.

கம்பி மத்தாப்பை முதல் முதலாக இந்த வருஷம் சின்னவன் கையில் கொடுத்தோம். அவன் கையைச் சுற்றி அவன் அப்பாவின் கை. போன வருஷம் பெரியவளின் கையைச் சுற்றி இருந்த கை இந்த வருஷம் இல்லை, அவள் தனியாகப் பிடித்தாள். எரிந்து முடிந்த கம்பியைத் தண்ணீர் வாளியில் போடுகிற சத்தத்துக்காகவே அவர்கள் மறுபடி மறுபடி கொளுத்தினார்கள்.

அன்று முழுவதும் ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தேன். வருஷத்திலேயே அதிக ஈரமும் அதிக இருட்டும் உள்ள மாதங்கள் இவை. எங்கள் ஊரில் சூரியன் வருஷத்திலேயே மிக முன்னதாக மறைவது டிசம்பரில் இல்லை, நவம்பர் மூன்றாம் வாரத்தில், மாலை 5.45-க்கெல்லாம் முடிந்துவிடும். மேகத்தையும் சேர்த்தால் ஐந்துக்கே விளக்குப் போட வேண்டும். சரியாக அந்த மாதங்களில்தான் நம் முன்னோர் பிள்ளைகளின் கையில் நெருப்பைக் கொடுத்தார்கள். தீபாவளிக்கு மத்தாப்பு, கார்த்திகைக்கு அகல், அதற்கு மேல் பொறி பறக்கச் சுற்றும் மாவளி. வயதுக்குத் தக்க நெருப்பு, அதைச் சுற்றி ஒரு பெரியவரின் கை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கையை எடுத்துக்கொள்வது. பிள்ளை வளர்ப்பதைப் பற்றி நான் படித்த எதுவும் இவ்வளவு தெளிவாக எனக்குச் சொன்னதில்லை.

*

மழையைக் கொண்டாடி எழுதும்போதே சீர்காழி நினைவுக்கு வருகிறது. 2022 நவம்பர் 11-ம் தேதியை ஒட்டி, ஒரே நாளில் அங்கே 44 சென்டிமீட்டர் கொட்டியது. இளம்பயிர் தண்ணீருக்குள் போனது. என் நாத்தனார் வீட்டுக் கூடத்தில் முழங்கால் அளவு. மூன்று பிள்ளைகளையும் அரிசி மூட்டையையும் கட்டில்மேல் ஏற்றிவிட்டு இரவு முழுக்க நின்றிருக்கிறார்கள். மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்து, தண்ணீர் வடியும்வரை இருந்தார்கள். பிள்ளைகள் எல்லாம் ஒரே பாயில் வரிசையாகப் படுத்தன, சின்னவன் அப்போது தொட்டிலில். அவர்களுக்கு அது திருவிழா. பாட்டரி லைட்டில் சுவரில் மான் காட்டினார்கள், நரி காட்டினார்கள். பெரியவர்கள் அடுக்களையில் ஏக்கருக்கு எவ்வளவு போயிற்று என்று தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தோம். இரண்டு பேச்சுக்கும் நடுவே ஒரு கதவு மட்டும். அந்தக் கதவை யாரும் சொல்லாமலே மாற்றி மாற்றிச் சாத்திக்கொண்டிருந்தோம்.

*

ஈசல் வந்த இரவு. வாசல் விளக்கைச் சுற்றி ஆயிரக்கணக்கில். அணைத்துவிட்டு உள்ளே ஒரு திரியை ஏற்றி, கீழே தாம்பாளத்தில் தண்ணீர் வைத்தார் அத்தை. காலையில் தரையெல்லாம் உதிர்ந்த சிறகு. ஓர் எறும்பு ஒரு சிறகைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு பாய்மரப் படகு போலச் சுவரோரம் போனது. அது வாசற்படி தாண்டும்வரை இரண்டு பேரும் குப்புறப் படுத்துப் பார்த்தார்கள். அன்று பள்ளிக்குத் தாமதம்.

*

ஐப்பசி முழுவதும் கங்கை முதலான நதிகள் காவிரிக்கு வந்து நீராடுவதாக நம்பிக்கை. மாதத்தின் கடைசி நாள் எங்கள் ஊர்த் துலாக்கட்டத்தில் கடைமுழுக்கு. அந்த நெரிசலுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவதில்லை. மறுநாள், கார்த்திகை முதல் தேதி, முடவன் முழுக்குக்குப் போவோம். அத்தைக்கு முழங்கால் வலி. சின்னவன் ஒவ்வொரு குட்டையிலும் நின்று நின்று வருவான். பத்து நிமிஷத்து வழி அரைமணி நேரம் ஆகும்.

அந்த முழுக்கின் கதையை அத்தை படித்துறையில் உட்கார்ந்து சொன்னார். துலா முழுக்கின் பெருமையைக் கேட்டு ஒரு முடவன் வெகுதூரத்திலிருந்து தவழ்ந்து வந்தானாம். வந்து சேர்ந்தபோது ஐப்பசி முடிந்துபோயிற்று. அவன் அழுததைக் கண்டு சிவபெருமான், அவனுக்காக இன்னும் ஒரு நாளைக் கூட்டிக் கொடுத்தார்.

"யாரும் அவரைத் தூக்கிட்டு வரலையா அப்பாயி?" என்றாள் பெரியவள்.

"தூக்கியிருந்தா நேத்தே வந்திருப்பானே. யாரும் தூக்கல. அதான் சாமி நாளைத் தள்ளி வச்சாரு."

அவள் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. தூக்காமல் போனவர்கள் யார் யார், அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள். கதையில் அது இல்லை என்று அத்தை ஒப்புக்கொண்டார். திரும்பும்போது சின்னவன் கால் வலிக்கிறது என்று நின்றதும், யாரும் சொல்லாமல் பெரியவள் அவனை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். கொஞ்ச தூரம்தான் முடிந்தது. அதற்குமேல் நான் வாங்கிக்கொண்டேன்.

மெதுவாக வருகிறவர்களுக்கென்று பஞ்சாங்கத்திலேயே ஒரு நாளை வைத்திருக்கிற ஊரில் பிள்ளை வளர்ப்பது எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

*

கார்த்திகைக்குக் காற்றோடு தூறல். மாடத்தில் வைத்த அகல் நின்றது, திண்ணையில் வைத்தவை அணைந்தன. அணைய அணையப் பெரியவள் ஏற்றினாள். கிணற்றடிக்கு ஒன்று, மாட்டுக் கொட்டிலுக்கு ஒன்று, குப்பைக் குழிக்கு ஒன்று. குப்பைக்கு எதற்கு விளக்கு என்றான் சின்னவன். "அதுதானேடா வயலுக்குச் சோறு" என்றார் அத்தை. அவனே கொண்டுபோய் வைத்தான். ஒரு கையில் அகல், இன்னொரு கையை அவனாகவே சுடருக்கு முன்னால் குவித்துக்கொண்டான். அதை நாங்கள் யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை.

பொரியும் வெல்லப்பாகும் தேங்காய்ப் பல்லும் சேர்த்து உருண்டை பிடித்தோம். கோயில் வாசலில் சொக்கப்பனை எரிந்தது, ஓலை ஈரம் என்பதால் புகைதான் அதிகம். தெருமுனையில் பெரிய பையன்கள் மாவளி சுற்றினார்கள். ஆண்பனையின் பூக்காம்பைக் குழியில் சுட்டுக் கரியாக்கி, இடித்துத் துணியில் பொட்டலமாகக் கட்டி, பிளந்த பனைமட்டையின் நடுவே செருகி, கயிறு கட்டித் தலைக்குமேல் சுற்றினால் பொறி வட்டமாகக் கொட்டும். இடித்துக் கொடுத்ததில் அத்தையின் பங்கும் உண்டு.

"நான் எப்ப சுத்துறது?" என்றாள் பெரியவள்.

"இன்னும் வளரணும்."

"எவ்வளவு?"

அத்தை யோசித்துச் சொன்னார்: "கிணத்துச் சுவரு உன் இடுப்புக்கு வரணும்."

அவள் அப்போதே தம்பியைக் கூட்டிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். திரும்பி வந்து, சுவர் நெஞ்சுக்கு வருகிறது, இன்னும் ஒரு சாண்தான் என்றாள். தம்பிக்கு?

"அவன் தலை சுவருக்குக் கீழதான் இருக்கு. அவனுக்கு நான் சொல்லித் தரேன்."