வேடிக்கை பார்க்கப் போன ஊர்

டான்டோங்கில், யாலு ஆற்றுப் படகுத்துறைக்குப் பக்கத்திலேயே ஒரு அம்மாள் பைனாகுலரை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். பத்து யுவான். நம்ம கணக்குக்கு நூறு ரூபாய். 2019 ஏப்ரல், ஒரு சனிக்கிழமை காலை. டாலியனில் இரண்டு வார ஆபீஸ் வேலையாகப் போயிருந்தேன். நடுவில் வந்த விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று டீமில் இருந்த சீன நண்பரிடம் கேட்டதற்கு அவர் சொன்ன ஊர் இது. அதிவேக ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். "அங்கே என்ன பார்க்கலாம்?" என்றேன். "வட கொரியாவைப் பார்க்கலாம்" என்றார். மெரினாவுக்குப் போனால் கடல் பார்க்கலாம் என்று நாம் சொல்வதுபோல.

சீன அளவுக்கு அது சின்ன ஊர்தான். ஆனால் ஆற்றங்கரையில் வரிசையாக மாடிக் கட்டிடங்கள், ராத்திரியானால் கலர் விளக்கு. எதிர்க்கரையில் சினுய்ஜு. அங்கே ராத்திரி அங்கங்கே சில விளக்குகள் மட்டும். நடுவில் இரண்டு பாலங்கள். ஒன்று 1943-ல் ஜப்பானியர் கட்டி முடித்தது, இன்றும் ரயிலும் லாரியும் போகிறது. நான் போவதற்கு இரண்டு மாதம் முன்னால், ஹனோய்க்குப் போன கிம் ஜோங் உன்னின் ரயில் இதைக் கடந்துதான் வந்தது. இன்னொன்று 1911-ல் கட்டியது. கொரியப் போரில், 1950 நவம்பரில் அமெரிக்க விமானங்கள் அதன்மேல் குண்டு போட்டன. சீன எல்லைக்குள் விழக் கூடாது, கொரியப் பக்கத்து முனையை மட்டும் அடிக்கலாம் என்று உத்தரவு. அதனால் சீனப் பக்கத்திலிருந்து பாதி ஆறு வரைக்கும் பாலம் இருக்கிறது, அதற்குப் பிறகு தண்ணீரில் வெறும் தூண்கள். அந்தப் பாதிப் பாலத்தைச் செப்பனிடாமல் அப்படியே வைத்து, டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். முறுக்கிக்கொண்டு நிற்கும் இரும்பு முனை வரைக்கும் நடந்துபோய், அங்கே நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பலாம். நானும் எடுத்தேன்.

பிறகு படகு. 1962-ல் சீனாவும் வட கொரியாவும் போட்ட எல்லை ஒப்பந்தப்படி ஆறு இருவருக்கும் பொது. இறங்கத்தான் கூடாதே தவிர, படகு எதிர்க்கரைக்கு ரொம்பக் கிட்டத்தில் போகலாம். போனோம். எல்லாரும் அந்தப் பக்கமாகச் சாய்ந்ததில் படகே கொஞ்சம் சாய்ந்தது. ஒரு அப்பா தன் பையனைத் தோளில் ஏற்றிக்கொண்டு பைனாகுலரைக் கொடுத்தார். கரையில் துருப்பிடித்த ஒரு படகு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் இரண்டு பேர், சுற்றாமல் நிற்கும் ஒரு ராட்டினம். ஒரு பெண் குத்தவைத்துத் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் பைனாகுலரை அவள்மேல் நிறுத்தினேன். நாலு நிமிஷமாவது பார்த்திருப்பேன். அவள் பக்கத்தில் இருந்த இன்னொருத்தி ஏதோ சொல்ல, இவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

இந்த வரியை எழுதலாமா என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். ஆனால் உண்மை அதுதான். நூறு ரூபாய் கொடுத்துப் பைனாகுலர் எடுத்தவன் எதிர்பார்த்தது சிரிப்பை அல்ல.

சிவகாசிக்குப் பக்கத்தில், கரிசல் முடிந்து சீமைக்கருவேலம் தொடங்கும் ஒரு ஊர் எனக்கு. எங்கள் பக்கம் ஆலை என்று யாரும் சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ். நான் பல வருஷம் கழித்துச் சென்னையில் "ஆபீஸ் போறேன்" என்று சொன்னபோது எங்கள் பாட்டி, "எந்த ஆபீஸு, தீப்பெட்டியா பயரா?" என்று கேட்டாள். 1994-ல் எனக்கு ஒன்பது வயது. அம்மா வீட்டிலேயே தீப்பெட்டி ஒட்டுவாள். 144 பெட்டி ஒரு குரோஸ், குரோஸ் கணக்கில் கூலி. மைதாப் பசையில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள். சாப்பிடும்போதும் விரலில் அந்த வாடை போகாது. ஸ்கூல் விட்டு வந்ததும் நானும் அக்காவும் உட்கார்ந்துவிடுவோம்.

அப்போது எங்கள் தெருவுக்குக் கேமராவோடு ஆட்கள் வந்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு பேர், மொழிபெயர்க்க மெட்ராஸ்கார அண்ணன் ஒருவர். ஊருக்கு இது புதிதல்ல. சலம் பென்னூர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம் 1990-லேயே வந்துவிட்டது. அதைச் சுற்றியுள்ள வருஷங்களில் சிவகாசிக்கு யார் யாரோ வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். எங்கள் தெருவில் எங்கள் வீட்டைத்தான் தேர்ந்தெடுத்தார்கள், ஜன்னல் வெளிச்சம் நன்றாக விழுந்ததால் என்று நினைக்கிறேன். அக்காவுக்குக் கேமராவைப் பார்த்ததும் சிரிப்பு அடக்க முடியவில்லை. அவள் சிரித்தால் எனக்கும் வரும். மெட்ராஸ் அண்ணன் கோபமே இல்லாமல், அன்பாகத்தான் சொன்னார்: "சிரிக்காம ஒட்டுங்க தம்பி."

இரண்டு மூன்று தடவை திரும்ப எடுத்தார்கள். கடைசியில் சிரிக்காமல் ஒட்டினோம்.

டான்டோங் படகில் அந்தப் பெண் சிரித்தபோது எனக்குள்ளே இருந்து அதே குரல்தான் வந்தது. சிரிக்காமல் துவை.

தமிழில் 'வேடிக்கை' என்ற சொல்லை நினைத்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். எங்கள் ஊர் செய்து விற்பதும் வேடிக்கைதான், வாணவேடிக்கை. யாருக்கோ ஏதோ நடக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பதும் வேடிக்கைதான். ஒரே சொல்லில் திருவிழாவும் வசவும் இருக்கிறது.

2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் ஒரு பயர் ஆபீஸ் வெடித்தது. குறைந்தது 38 பேர் செத்தார்கள். அந்த விபத்தை மற்ற விபத்துகளிலிருந்து தனியாக வைப்பது ஒரு விஷயம். செத்தவர்களில் பலர் அங்கே வேலை பார்த்தவர்கள் இல்லை. முதல் வெடிச் சத்தத்துக்கும் புகைக்கும் சுற்றுவட்டார ஜனங்கள் ஓடிவந்து கூடினார்கள். அடுத்த வெடிப்பு அவர்களை வாங்கிக்கொண்டது. அடுத்த நாளிலிருந்து டீக்கடையில், பஸ்ஸில், எல்லா இடத்திலும் ஒரே வாக்கியம்: "வேடிக்கை பாக்கப் போயி செத்துட்டானுக."

என் மாமா மகன் அந்தக் கூட்டத்தில் இருந்தான். உயிர் தப்பித்தான். இடது கையிலும் கன்னத்திலும் தழும்பு. ஆஸ்பத்திரியில் அவனிடம் ஒருவர் பேப்பரும் பேனாவுமாக வந்து, "நீ அங்க வேலை பாத்தியா, இல்ல வேடிக்கை பாக்கப் போனியா?" என்று கேட்டாராம். அவன் அண்ணன் பெண்டாட்டி அங்கே வேலை பார்த்தாள். அன்றைக்கு அவள் லீவு என்பது இவனுக்குத் தெரியாது. மதினியைத் தேடித்தான் ஓடினான். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? நான் டேட்டாபேஸ் வடிவமைக்கிறவன். இரண்டு மதிப்பு மட்டும் எடுத்துக்கொள்ளும் ஒரு கட்டத்தைப் பார்த்தாலே எனக்கு இந்தக் கதை ஞாபகம் வந்துவிடும். அவன் யோசித்துவிட்டு "வேடிக்கைதான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டான். ஏண்டா அப்படிச் சொன்னாய் என்று பிறகு கேட்டேன். "போய் நின்னதும் என்ன செய்யன்னு தெரியல. நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்" என்றான்.

அன்றைக்கு நான் சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்து, டிவி சேனலின் வீடியோவை ஹெட்போன் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை யாரும் எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை.

அடுத்தவன் துன்பத்தைப் பார்க்கலாமா என்பது பழைய கேள்வி. பிளேட்டோவின் 'குடியரசு' நூலில் லியோண்டியஸ் என்று ஒருவன் வருகிறான். ஏதென்ஸ் மதிலுக்கு வெளியே மரண தண்டனை நிறைவேற்றப்பட்டவர்களின் உடல்கள் கிடக்கின்றன. பார்க்கக் கூடாது என்று முகத்தை மூடிக்கொள்கிறான், முடியாமல் போகிறது. கடைசியில் கண்ணை விரித்துக்கொண்டு ஓடிப்போய், தன் கண்களையே திட்டியபடி பார்க்கிறான். சூசன் சொண்டாக் 2003-ல் எழுதிய 'மற்றவர்களின் வலியைப் பார்ப்பது பற்றி' என்ற புத்தகத்தில் இந்த லியோண்டியஸை எடுத்துப் பேசுகிறார். 1977-ல் அவர், படங்களைப் பார்த்துப் பார்த்து நமக்கு மரத்துப்போகிறது என்று எழுதியிருந்தார். 2003-ல் அதைத் தானே சந்தேகப்படுகிறார். இந்த இரண்டாவது சொண்டாக்கைத்தான் எனக்குப் பிடிக்கும். ஆனால் இருவருமே பேசுவது பார்க்கிறவனுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பற்றி. பசை விரலோடு ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒன்பது வயசுப் பையனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பார்க்கிறவன் மனம் இளகட்டும், மரக்கட்டும். இவன் இப்போது சிரிக்கலாமா கூடாதா என்பதுதான் இவன் பிரச்சினை.

பார்ப்பதே தப்பு என்று நான் நினைக்கவில்லை. ஏற்கெனவே மனதில் எடுத்து முடித்துவிட்ட ஒரு படத்துக்குள் எதிரில் இருப்பவரை உட்காரச் சொல்வதுதான் தப்பு என்று நினைக்கிறேன். என் மாமா மகன் அந்தப் புகையைப் பார்த்தபோது அவன் மனதில் முன்கூட்டி எந்தப் படமும் இல்லை. மதினி உள்ளே இருக்கிறாளா இல்லையா என்பது மட்டும்தான் இருந்தது.

இப்படி எழுதி முடித்துவிட்டு நிம்மதியாக இருக்க முடிந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை. ஏனென்றால் சிரிக்காத அந்தக் குழந்தைகளின் படங்கள் சும்மா போகவில்லை. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். ஊரில் அந்த எண்ணைச் சொல்லியே பயமுறுத்துவார்கள். கணக்கெடுக்க ஆள் வருகிறார்கள் என்று தெரிந்தால் தெருவே பசைச் சட்டியை உள்ளே எடுத்துவிடும். அந்தப் பயத்தில்தான் அம்மா என்னைப் பெட்டியிலிருந்து எழுப்பி டியூஷனுக்கு அனுப்பினாள். நான் பாலிடெக்னிக்கூட இல்லாமல் நேராக இன்ஜினியரிங் போனேன். அக்கா அதற்குள் பெரியவளாகிவிட்டாள், அவளுக்கு அந்தத் தீர்ப்பு இரண்டு வருஷம் தாமதம். அவள் பதினாறு வயதில் பயர் ஆபீஸ் வண்டி ஏறினாள். சாயங்காலம் இறங்கும்போது அலுமினியப் பொடி ஒட்டி முகமெல்லாம் வெள்ளி மினுங்கும்.

நாங்கள் சிரிக்கிற படம் போயிருந்தால் நீதிமன்றம் அசைந்திருக்குமா? சந்தோஷமாகப் பெட்டி ஒட்டும் இரண்டு பிள்ளைகளுக்காக யார் வழக்குப் போடுவார்கள்? அந்த மெட்ராஸ் அண்ணனுக்கு இது தெரிந்திருக்கும். அவர் பொய் சொல்லவில்லை, கஷ்டம் இருந்தது. ஆனால் சிரிப்பும் இருந்தது, அதை அவர் வெட்டினார். அந்த வெட்டில் கிடைத்த பாதியில்தான் நான் நடந்து டாலியன் வரைக்கும் போயிருக்கிறேன். அவரை மன்னிப்பதா, அவருக்கு நன்றி சொல்வதா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் செய்துவிடலாம் என்று சுலபமாகச் சொல்பவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

படகிலிருந்து இறங்கி மத்தியானம் ஒரு கொரிய ஹோட்டலுக்குப் போனேன். பரிமாறுகிற பெண்கள் வட கொரியாவிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். கொஞ்ச நேரம் கழித்து அவர்களே மேடையேறிப் பாடினார்கள். நான் போனை எடுத்ததும், தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண் விரலை இடமும் வலமும் ஆட்டினாள். கோபமில்லை, பள்ளிக்கூட டீச்சர் மாதிரி. போனைக் கவிழ்த்து வைத்தேன். அவள் என்னை, என் கறுத்த முகத்தை, சாப்ஸ்டிக் பிடிக்கத் தெரியாத கையை, நின்று நிதானமாகப் பார்த்தாள். உள்ளே போய் இன்னொருத்தியையும் கூட்டிவந்து காட்டினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த ஊரில் அந்த ஒரு இடத்தில்தான் எனக்கு மூச்சு சரியாக வந்தது.

சொந்தக்காரர்களுக்கு நான் சீனா போனதே பிடிக்கவில்லை. "சைனாப் பட்டாசுதான் நம்ம பொழப்பக் கெடுக்குது, நீ அவன் ஊருக்கே வேலைக்குப் போறியாக்கும்" என்றார் சித்தப்பா. அது கெட்ட நேரமும்கூட. 2018 அக்டோபர் 23-ஆம் தேதித் தீர்ப்பில் பசுமைப் பட்டாசு தவிர வேறு கூடாது, சரவெடி கூடாது, பேரியம் கூடாது என்றாகி, அந்தத் தீபாவளி முடிந்ததும் பயர் ஆபீஸ்கள் மாதக் கணக்கில் பூட்டிக் கிடந்தன. அக்கா வீட்டில்தான் இருந்தாள். டெல்லியின் காற்றுக்காக வருத்தப்பட்டு நானும் அந்தத் தீர்ப்பை ஆதரித்து எழுதியிருந்தேன். அவள் அதைப் படித்தாளா என்று நான் கேட்கவில்லை.

திரும்பி வந்து ஊருக்குப் போனபோது அம்மாவிடம் போனில் இருந்த படங்களைக் காட்டினேன். துணி துவைக்கும் பெண்ணின் படத்தில் நிறுத்தினாள். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"ரப்பர் பூட்ஸ் போட்டிருக்கா பாரு. தண்ணி ரொம்பக் குளிரும்போல."

நான் நாலு நிமிஷம் பைனாகுலரில் பார்த்தும் அந்த பூட்ஸைக் கவனிக்கவில்லை.

அடுத்த படம் பாதிப் பாலம். "இத ஏன்யா கட்டாமப் போட்டு வச்சிருக்காக?"

"சண்டையில உடைஞ்சதும்மா. ஜனங்க வந்து பாக்குறதுக்காக அப்படியே விட்டிருக்காங்க. டிக்கெட் உண்டு."

"எம்புட்டு?"

"நம்ம காசுக்கு முந்நூறு ரூபா வரும்."

அம்மா போனைத் திருப்பிக் கொடுத்தாள். "நம்மள ஓசியிலேல்ல பாத்துட்டுப் போனாக" என்றாள்.